ஓய்வு பெற்ற கொலையாளி திரும்பி வரும் கதை: எழுத நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கொலைத் தொழிலை விட்டுவிட்டு எங்கோ ஒதுங்கி வாழ்கிறான் ஒருவன். பழைய உலகம் தேடி வந்து கதவைத் தட்டுகிறது. த்ரில்லர் எழுத உட்காரும் யாருக்கும் ஒரு தடவையாவது இந்தக் கதையை எழுத ஆசை வரும். படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் வந்த கதைகளில் இந்த வகை நிறைய. பெரும்பாலும் ஒரே வார்ப்பு. மூன்றாம் பக்கத்தில் மனைவி சாகிறாள். ஐந்தாம் பக்கத்தில் பரணிலிருந்து தகரப் பெட்டி இறங்குகிறது. அதற்கப்புறம் கடைசிப் பக்கம் வரை சுட்டுக்கொண்டே இருக்கிறான்.

கரு பழசு என்பது ஒரு குறையே இல்லை. இந்தக் கருவுக்கு 2,000 வயதுக்கு மேல் ஆகிறது. அந்தப் பழைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் படிகள் எல்லாம் அதில்தான் போய் முட்டும்.

சீன வரலாற்றாசிரியர் சீமா ச்சியன் தன் பெரிய வரலாற்று நூலில் கொலையாளிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். அதில் நியே செங் என்று ஒருவன் வருகிறான். ஊரில் ஒருவனைக் கொன்றுவிட்டு, பகைக்குத் தப்பித் தாயையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு ச்சி நாட்டுக்குப் போய், கசாப்புக்காரனாகப் பிழைக்கிறான். ஹான் நாட்டு அமைச்சர் சியா லெய் மேல் பகை கொண்ட யான் சோங்ச்சி என்ற பெரிய மனிதர் அவனைத் தேடி வருகிறார். பல முறை வருகிறார். தாய்க்குத் தன் கையாலேயே மது பரிமாறுகிறார். கட்டி கட்டியாகப் பொன்னை எடுத்து வைக்கிறார். நியே செங் வாங்க மறுக்கிறான். அம்மா உயிரோடிருக்கும்வரை என் உடம்பை இன்னொருவருக்கு ஈடாகக் கொடுக்க முடியாது என்கிறான். வந்தவர் வற்புறுத்தவில்லை. மரியாதை குறையாமல் விடைபெற்றுப் போகிறார்.

வெகுகாலம் கழித்துத் தாய் இறக்கிறாள். துக்க காலம் முடிகிறது. அக்கா ஏற்கெனவே கல்யாணமாகிப் போயிருக்கிறாள். நியே செங் தானாகவே கிளம்பிப் போய், யாரைக் கொல்ல வேண்டும் என்று கேட்கிறான். முடிவை இப்போது சொல்லவில்லை, கடைசிப் படிக்கு வேண்டும்.

இந்தக் கதையில் வாள் வீச்சுக்குச் சில வரிகள்தான். மீதி எல்லாம் அவன் மாட்டேன் என்று சொல்வதும், அந்த மாட்டேனுக்கு என்ன ஆயிற்று என்பதும். இதைத்தான் இந்த வழிகாட்டி முழுக்கச் சொல்லப் போகிறேன்.

படி 1: யாருக்காக வேலை செய்தான் என்று முடிவு செய்யுங்கள்

அரசாங்கமா, கூலிப்படையா, தனி மனிதரின் பகையா? பெயரும் வயதும் யோசிப்பதற்கு முன்னால் இதைத் தீர்த்துவிடுங்கள். திரும்ப இழுக்கும் கயிறு எதனால் ஆனது என்பது இதில்தான் இருக்கிறது. கூலிப்படைக்காரனைக் கடன் இழுக்கும், பயம் இழுக்கும். அரசாங்கத்தின் ஆளைக் கோப்பு இழுக்கும்.

இதற்கு யாகோவ் செரெப்ரியான்ஸ்கியின் வாழ்க்கையைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. வெளிநாடுகளில் ஆள் கடத்தல், கொலை, நாசவேலைக்கென்று சோவியத் ரகசியப் போலீஸ் வைத்திருந்த குழு ஒன்றின் தலைவர். 1930 ஜனவரியில் பாரிஸ் நகரில் ஜெனரல் குத்தேபோவைப் பட்டப்பகலில் கடத்தியது இவருடைய குழு. 1938இல் இவரையே துரோகி என்று சொல்லிக் கைது செய்தார்கள், மனைவியையும் சேர்த்து. 1941 ஜூலையில் மரண தண்டனை விதித்தார்கள். அதற்குச் சில வாரம் முன்புதான் ஜெர்மனி படையெடுத்திருந்தது. வேலை தெரிந்தவர்களில் பாதிப் பேர் சிறையில், அல்லது மண்ணுக்கடியில். நாசவேலைப் பிரிவைப் பொறுப்பேற்ற பாவெல் சுதொப்லாத்தொவ் கேட்டுக்கொண்டதன் பேரில் ஆகஸ்டில் மரணக் கொட்டடியிலிருந்து நேராக அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார்கள். கொல்லப்போகிறோம் என்ற நிர்வாகமே, வா, வேலை இருக்கிறது என்று கூப்பிடுகிறது. அவரும் போய் வேலை பார்க்கிறார்.

1946இல் விக்தர் அபாகுமோவ் ரகசியப் போலீஸை நடத்தும் அரசுப் பாதுகாப்புத் துறைக்கு அமைச்சரானார். 1938இல் கைதானபோது செரெப்ரியான்ஸ்கியை விசாரித்தவர் அதே அபாகுமோவ். உடல்நிலை சரியில்லை என்று இவர் ஓய்வு வாங்கிக்கொண்டார். வேறென்ன செய்வார்? 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். மே மாதம் சுதொப்லாத்தொவ் மறுபடி கூப்பிட்டார், இவரும் மறுபடி போனார். அப்போது வயது 61. ஜூனில் ரகசியப் போலீஸைக் கையில் வைத்திருந்த பெரியா கைது, ஆகஸ்டில் சுதொப்லாத்தொவ் கைது, அக்டோபரில் இவர். 1956 மார்ச்சில் விசாரணையின்போதே உயிர் போயிற்று. குற்றமற்றவர் என்று அறிவித்தது 1971இல்.

1941இல் அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வழியே இல்லை. 1953இல் இருந்தது. வீட்டில் இருந்திருக்கலாம். ஏன் போனார்? கோப்புகளில் இதற்குப் பதில் கிடைக்காது. அந்த மே மாதத்து ஒரு வாரத்தை மட்டும் வைத்து ஒரு நாவல் எழுதலாம். யாராவது தமிழில் எழுதினால் முதல் பிரதி எனக்கு.

படி 2: உள்ளே நுழைந்த வாசல் சின்னதாக இருக்கட்டும்

தந்தையைக் கொன்றவர்களைப் பழிவாங்க, சேரியின் பசி, ராணுவப் பயிற்சி என்று பெரிய பெரிய வாசல்களாகத் திறக்கிறோம். பொக்தான் ஸ்டாஷின்ஸ்கி எந்த வாசலில் நுழைந்தார் தெரியுமா? டிக்கெட் எடுக்காமல் ரயிலில் வந்ததற்காக. 1950, மேற்கு உக்ரைன். லிவிவ் நகரில் படித்துக்கொண்டு, ஊருக்கு ரயிலில் போய்வந்த பதின்ம வயதுப் பையன். அபராதம் கேட்கவில்லை, சோவியத் ரகசியப் போலீஸார் குடும்பத்தைப் பற்றிப் பேசினார்கள். குடும்பத்துக்குத் தேசியவாதத் தலைமறைவு இயக்கத்தோடு தொடர்பு இருந்தது. நீ உதவினால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். 1957லும் 1959லும் மியூனிக் நகரில் இரண்டு உக்ரைனியத் தலைவர்களை விஷம் பீய்ச்சும் கருவியால் கொன்றவர் இதே பையன்தான்.

இனி உதாரணத்துக்கு ஓர் ஆளை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், நம் ஆள் என்றே சொல்கிறேன். வயது 57. கொங்குப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. இருபது வயதில் ஒரு பைனான்ஸ் முதலாளியிடம் வண்டி ஓட்டப் போனவன். தவணை கட்டாதவன் வீட்டு வாசலில் ஒரு நாள் சும்மா போய் நின்றுவிட்டு வரச் சொன்னார்கள். நின்றான். அவ்வளவுதான் அவன் வாசல்.

படி 3: வெளியே வந்தது எப்படி?

இதை இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். ஒருவன் எப்படி நிறுத்தினான் என்பதை வைத்துத்தான் மறுபடி தொடங்குவானா என்று வாசகர் கணக்குப் போடுவார்.

நிக்கோலாய் கொஹ்லோவ் ஒரு வகை. 1954 பிப்ரவரியில் பிராங்ஃபர்ட்டில் ஒகொலோவிச் என்ற சோவியத் எதிர்ப்பாளரைக் கொல்லும் குழுவை வழிநடத்த மாஸ்கோ அனுப்பியவர். அந்த மனிதரின் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டி, உங்களைக் கொல்ல உத்தரவு வந்திருக்கிறது, நான் அதைச் செய்யப் போவதில்லை என்று சொன்னார். செய்யாதே என்று சொன்னது கொஹ்லோவின் மனைவி. அந்த மனைவி சோவியத் மண்ணில் மாட்டிக்கொண்டு தண்டனை அனுபவித்தார். 1957இல் அதே பிராங்ஃபர்ட்டில் கொஹ்லோவுக்கே விஷம் வைத்தார்கள். முடியெல்லாம் கொட்டியும் பிழைத்தார். பிற்பாடு கலிபோர்னியாவில் உளவியல் பேராசிரியரானார்.

ஸ்டாஷின்ஸ்கி இன்னொரு வகை. கிழக்கு ஜெர்மனியில் இங்கே போல் என்ற முடிதிருத்தும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மாஸ்கோவில் அவர்கள் குடியிருந்த வீட்டில் ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. 1961 ஆகஸ்டில் அவர்களுடைய கைக்குழந்தை இறந்தது. அடக்கத்துக்காக அவரைக் கிழக்கு ஜெர்மனிக்கு விட்டார்கள். கணவனும் மனைவியும் 12ஆம் தேதி மேற்கு பெர்லினுக்குத் தப்பி வந்தார்கள். அன்று நள்ளிரவுக்குப் பிறகு எல்லையை மூடினார்கள். பெர்லின் சுவர் அங்கிருந்துதான் தொடங்கியது. இப்படி ஒரு கதையை நாமாக எழுதிக் கொடுத்தால், தற்செயல் ரொம்ப அதிகம் என்று ஆசிரியர் திருப்பி அனுப்புவார்.

நம் ஆளுக்கு இவ்வளவு பெரிய நாடகம் வேண்டாம். கடைசி வேலைக்குப் போன இடத்தில் தேடிப் போனவன் வீட்டில் இல்லை. அவன் பெண்டாட்டி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். ஏன் வந்தான் என்று கதையில் எங்கேயும் விளக்காதீர்கள்.

படி 4: இன்றைய காலையை எழுதுங்கள்

நாலு பக்கம். இறந்தகாலம் எதுவும் எட்டிப் பார்க்கக் கூடாது. ஜன்னலோரம் முதுகு காட்டாமல் உட்காருவது, கதவுகளை எண்ணுவது மாதிரியான தந்திரங்கள் தேய்ந்துவிட்டன, விட்டுவிடுங்கள்.

உண்மையில் இவர்கள் ஓய்வுக்காலத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஸ்டாலினின் அரசியல் எதிரி டிராட்ஸ்கியின் கொலையை நடத்தி வைத்த எய்த்திங்கன், சிறை மீண்டு 1964க்குப் பிறகு மாஸ்கோவில் ஒரு பதிப்பகத்தில் எடிட்டராக இருந்தார். 1938இல் ரோட்டர்டாமில் சாக்லேட் டப்பாவுக்குள் குண்டு வைத்து ஒருவரைக் கொன்ற சுதொப்லாத்தொவ், 15 வருடச் சிறைக்குப் பிறகு மொழிபெயர்ப்பு செய்து, புனைபெயரில் புத்தகம் எழுதிப் பிழைத்தார். டிராட்ஸ்கியைப் பனிக்கோடரியால் அடித்த ரமோன் மெர்காதேர் மெக்சிகோ சிறையில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தார். சோவியத் நாட்டின் உயர்ந்த பதக்கம் கிடைத்தது. அதற்கப்புறம் ஓர் ஆய்வு நிறுவனத்தில் உட்கார்ந்து ஸ்பெயின் உள்நாட்டுப் போர் பற்றி வேலை செய்தார். அத்தனை பேரும் மேசை, தாள், பேனா. பண்ணை வீடும் கிடையாது, மலை உச்சியும் கிடையாது.

நம் ஆளின் காலை இப்படி இருக்கலாம். ஷட்டரைத் தூக்குகிறான். எரிந்துபோன காயிலின் வாடை. பழைய கம்பியைப் பிய்த்தெடுத்து, சுற்று எண்ணி, எடை போட்டுப் புதுக் கம்பி எடுக்கிறான். வெள்ளெழுத்து வந்துவிட்டதால் நடைபாதைக் கடையில் வாங்கிய கண்ணாடி. எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து. வார்னிஷ் காயவேண்டும் என்று ஒரு விவசாயியை வியாழக்கிழமை வரச் சொல்கிறான். பயிர் காய்கிறது என்கிறார் அவர். இந்தக் காட்சியை வாசகருக்குப் பிடிக்கும்படி எழுதிவிட்டால், இவன் திரும்பிப் போகக் கூடாது என்று அவரே ஆசைப்படத் தொடங்குவார்.

படி 5: மாட்டேன் என்பதைக் கட்டுங்கள்

இந்தப் படிக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் கொடுங்கள். ஒரு தாளில் இரண்டே வரி எழுதுங்கள். எதைக் காட்டி மறுக்கிறான்? அது எப்படி அவன் கையை விட்டுப் போகிறது?

நியே செங் தாயைக் காட்டி மறுத்தான், தாய் போனாள். கதை முடிந்தது என்று சொல்லுமளவுக்குச் சுத்தமான கட்டமைப்பு. இதில் கவனிக்க வேண்டியது, தாயை யாரும் கொல்லவில்லை. வயதாகி இறக்கிறாள். பழிவாங்கல் என்ற குறுக்குவழி அங்கே கிடையாது. அவனை இழுப்பது, பெரிய மனிதர் ஒருவர் தன்னைத் தேடித் தன் குடிசைக்கு வந்து தன் தாய்க்கு மரியாதை செய்தார் என்ற நினைப்பு. நம் ஊரில் இதற்குச் சொல் இருக்கிறது: செஞ்சோற்றுக் கடன். கர்ணனை அறிந்த வாசகருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

மனைவியையோ மகளையோ கொன்று நாயகனைக் கிளப்புவது ஏன் சலிக்கிறது என்று இதிலிருந்தே புரியும். அவனுக்குத் தேர்வு செய்ய எதுவும் மிஞ்சவில்லை. கோபம் முடிவெடுத்துவிட்டது. நமக்கு வேடிக்கை மட்டும்தான் பாக்கி.

நம் ஆள் மகளைக் காட்டி மறுக்கிறான் என்று வையுங்கள். நர்சிங் படிக்கிறாள். அப்பா பிறந்ததிலிருந்து காயில் கட்டுகிறவர் என்று நம்புகிறாள். அந்த நம்பிக்கைதான் அவனுடைய மாட்டேன். அதை உடைக்க எதிரி வர வேண்டுமா? படிப்பு முடிந்ததும் வெளிநாடு போக இப்போதே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறாள். விசாரணைக்கு ஏட்டு ஒருவர் வீட்டுக்கு வருகிறார். ஓய்வுக்கு ஆறு மாதம் இருக்கிற ஏட்டு. கையெழுத்து வாங்கிவிட்டு, டீ குடித்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது அப்பாவின் முகத்தை இன்னொரு தடவை பார்க்கிறார். பழைய பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். மகள் கையில் டம்ளர்.

யாரும் சாகவில்லை. ஆனால் அன்று ராத்திரியிலிருந்து அவனிடம் காட்டி மறுக்க எதுவும் இல்லை.

படி 6: கூப்பிட வருபவர்

கறுப்புக் கார் வேண்டாம். மிரட்டல் கடைசிவரை வேண்டாம். பணிவாக வருகிறவர்தான் பயமுறுத்துவார். உறவுமுறை சொல்லிக் கூப்பிடும் பழக்கம் நமக்கு இருப்பது இந்த இடத்தில் பெரிய வசதி. பழைய முதலாளியின் மகன் வருகிறான். சின்ன வயதில் நம் ஆளின் தோளில் ஏறித் திருவிழா பார்த்தவன்.

"சித்தப்பா, மோட்டார் ஒண்ணு ஓடமாட்டேங்குது."

"வெச்சுட்டுப் போ தம்பி. வியாழக்கிழமை வா."

"கொண்டு வரல. அப்பாதான் உங்களைப் பாத்துட்டு வரச் சொன்னாரு."

"எப்படி இருக்காரு?"

"டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு தடவை."

அவன் இன்னும் நாலு சுற்று சுற்றினான்.

"பாப்பாவுக்கு ஃபீஸ் கட்டியாச்சா சித்தப்பா?"

"கட்டியாச்சு."

"இந்த வருஷத்துக்குச் சரி. அடுத்த வருஷத்துக்கு நாங்க கட்டிட்டோம்."

யான் சோங்ச்சி வைத்த பொன்னை மறுக்க முடிந்தது. ஏற்கெனவே கட்டிவிட்ட ஃபீஸை எப்படி மறுப்பது? இங்கே அத்தியாயத்தை முடியுங்கள். பையன் என்ன வேலைக்காக வந்தான் என்பதை இரண்டாவது வருகையில் சொன்னால் போதும். நடுவில் குறைந்தது இரண்டு அத்தியாயம் இடைவெளி விடுங்கள், பாஸ்போர்ட் ஏட்டு அந்த இடைவெளியில் வந்து போகட்டும்.

படி 7: உடம்பும் ஊரும்

57 வயது. மூட்டு, சர்க்கரை, கண். இருபது பேரை அடிக்க வைக்காதீர்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது ஒரு நல்ல சண்டைக்காட்சியைவிடப் பதற்றம் தரும்.

ஊர் மாறியதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அவன் தொழிலில் இருந்தபோது தெருவில் கேமரா கிடையாது, சட்டைப் பையில் செல்போன் கிடையாது. இப்போது பால் பூத்திலும் கேமரா. போலீஸ் பக்கமும் படித்துக்கொள்ளுங்கள். சரித்திரப் பதிவேடு என்றால் என்ன, ஒருவன் பெயர் அதில் எப்படி ஏறுகிறது, அவனை எப்படிக் கண்காணிக்கிறார்கள், நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவது எதற்கு, 1982ஆம் வருடத்துக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் வழக்கு விசாரணைக்கு முன்பே ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம் என்பதெல்லாம் தெரிந்திருந்தால் கதைக்குத் தானாகவே எலும்பு கிடைக்கும். பாஸ்போர்ட் ஏட்டை நான் இப்படி யோசித்துத்தான் பிடித்தேன்.

ஆயுதங்களைப் பற்றி? அவனுக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. துப்பாக்கியின் மாடல் எண்ணை எழுதி வாசகரை அசத்தப் பார்ப்பது இணையத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்ததைத்தான் காட்டும்.

படி 8: அந்த வேலை

மொத்தக் கதையில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் வெட்டுங்கள். நடந்ததைவிட, யார் பொறுப்பு என்ற கேள்விக்கு இடம் விடுங்கள். 1962 அக்டோபரில் கார்ல்ஸ்ரூ நீதிமன்றம் ஸ்டாஷின்ஸ்கிக்கு எட்டு வருடம் மட்டுமே கொடுத்தது. இரண்டு கொலையையும் தன் கையால் செய்தவர், தானே ஒப்புக்கொண்டவர். ஆனால் உண்மையான குற்றவாளிகள் மாஸ்கோவில் உட்கார்ந்து உத்தரவிட்டவர்கள், இவர் உடந்தை மட்டுமே என்றது தீர்ப்பு. தன்னையே கருவியாக நினைத்துக்கொண்டால் ஒருவனுக்குத் தூக்கம் வருமா? நம் ஆளும் இருபது வருடம் அப்படித்தான் தூங்கியிருப்பான். இந்தத் தடவை அது நடக்காது. ஏனென்றால் இந்தத் தடவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

படி 9: முடிவு

விட்ட இடத்துக்கு வருகிறேன். நியே செங்கோடு ஆட்களையும் வண்டிகளையும் அனுப்புவதாகச் சொன்னார் யான் சோங்ச்சி. ஆள் கூடினால் பேச்சு வெளியே போகும் என்று அவன் தனியாகப் போனான். காவலுக்கு நடுவே நேராகப் படியேறிச் சியா லெய்யைக் குத்தினான். பிறகு தன் முகத்தைத் தானே சிதைத்து, கண்ணைத் தோண்டி, வயிற்றைக் கிழித்துக்கொண்டு செத்தான். யாரென்று தெரியக் கூடாது, தெரிந்தால் அக்காவைத் தேடிப் போவார்கள். உடலைச் சந்தையில் போட்டு, அடையாளம் சொல்பவருக்குப் பொன் என்று அறிவித்தார்கள். அக்கா கேள்விப்பட்டாள். கிளம்பி வந்தாள். இது என் தம்பி நியே செங் என்று சந்தையின் நடுவே சொல்லி அழுது, அவன் பக்கத்திலேயே உயிர்விட்டாள். தன் உயிருக்குப் பயந்து அவன் பெயரை மறைக்க மாட்டேன் என்றாள்.

கொலையாளி கதையின் கடைசிக் காட்சி கொலையாளியிடம் இல்லை, பாருங்கள். அவனை அறிந்தவரிடம் இருக்கிறது. ஆகவே கடைசி அத்தியாயத்தை அவன் கண் வழியாக எழுதாதீர்கள். இதுவரை அவனோடேயே வந்த கதை, இங்கே ஆளை மாற்றட்டும்.

நம் கதையில் அது மகள். ஹாஸ்டலுக்குப் போன் வருகிறது. பிணவறைக்கு வரச் சொல்கிறார்கள். முகத்தை வைத்துச் சொல்ல முடியாது என்று முன்கூட்டியே எச்சரிக்கிறார்கள். அவள் பிணவறைக்குப் புதிதில்லை, பயிற்சிக்காக வந்திருக்கிறாள். துணியைத் தலைப்பக்கம் விலக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் கையை மட்டும் எடுத்துப் பார்க்கிறாள். விரல் நுனிகளில் கம்பி அறுத்த கீறல்கள், நகக்கண்ணில் போகாத வார்னிஷ். யார் என்று போலீஸ்காரர் கேட்கிறார், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு.

எங்க அப்பா, காயில் கட்டுறவரு என்று அவள் சொல்கிற வரியோடு நிறுத்துங்கள். கீழே இன்னொரு பத்தி எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். நான் என் முதல் பிரதியில் மூன்று பத்தி எழுதியிருந்தேன்.